கட்டியைக் கீறாதீர்கள்

டில்லியில் வேலை செய்யும் ஒரு தமிழரை நினைத்துப் பாருங்கள். அவர் தொடையில் ஒரு கட்டி. வலி இல்லை. காய்ச்சலும் இல்லை.

“வெறும் கொழுப்புக் கட்டிதான். கீறிவிட்டால் போய்விடும்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

“வேண்டாங்க. முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம்” என்கிறார் மனைவி.

மனைவி சொல்வதுதான் சரி. அது ஹைடாடிட் என்னும் நீர்க்கட்டியாகவும் இருக்கலாம்.

கட்டி எப்படி வருகிறது?

நாயின் குடலில் ஒரு சிறு நாடாப்புழு வாழ்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய ஓர் அரிசி அளவுதான். நாயின் மலத்தில் புழுவின் முட்டைகள் வெளியே வரும். மண்ணிலும், புல்லிலும், கீரையிலும், நாயின் முடியிலும் ஒட்டும். அங்கிருந்து மனிதர் கைக்கும் வாய்க்கும் போகும்.

ஆடு மாடுகளும் முட்டையை விழுங்குகின்றன. அவற்றின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரும். அந்தப் பச்சை ஈரலை நாய் தின்றால் நாய்க்குப் புழு வரும். இது ஒரு சங்கிலி.

இறைச்சிக் கழிவு நாய்க்குக் கிடைக்காவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். டில்லியில் ஈத்கா பகுதியில் இருந்த பழைய இறைச்சிக்கூடம் 2009இல் காஜிப்பூருக்கு மாற்றப்பட்டது. சின்னக் கறிக்கடையிலும் இதே கவனம் வேண்டும்.

எங்கே வரும்?

பெரும்பாலும் கல்லீரலில் வரும். அடுத்தது நுரையீரல். அபூர்வமாக மூளை, எலும்பு, இதயம், சிறுநீரகம், தசை ஆகியவற்றிலும் வரும். மூளையில் வந்தால் தலைவலியும் வலிப்பும் வரலாம். எலும்பில் வந்தால் எலும்பு முறியலாம். பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமலே கட்டி வளரும்.

ஏன் கீறக்கூடாது?

கட்டிக்குள் தெளிந்த நீர் இருக்கிறது. அதில் புழுவின் குஞ்சுத் தலைகள் உள்ளன. கட்டி உடைந்தால் அவை பரவிப் புதுக் கட்டிகள் உண்டாகும். திடீர் ஒவ்வாமையால் உயிரே போகலாம்.

மருத்துவர் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். ஆபரேஷனின்போது கட்டியைச் சுற்றிக் கடும் உப்பு நீரில் நனைத்த துணியை வைப்பார்கள். பிறகே கட்டியை எடுப்பார்கள். மூளைக் கட்டியைக் குத்துவதில்லை. அதன் பின்னால் உப்பு நீரை மெல்லச் செலுத்துவார்கள். கட்டி உடையாமல் மிதந்து வெளியே வரும். ஆல்பெண்டசோல் மாத்திரையும் தருவார்கள்.

சில கல்லீரல் கட்டிகளுக்கு ஆபரேஷன் தேவையில்லை. ஸ்கேன் பார்த்து, ஊசியால் நீரை எடுத்து, மருந்து செலுத்துவார்கள். 1997இல் ஸ்ரீநகர் மருத்துவர்கள் 50 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். ஊசி முறையில் சுமார் 4 நாளிலும், ஆபரேஷனில் சுமார் 13 நாளிலும் நோயாளிகள் வீடு திரும்பினர். இந்த ஊசியைப் போடவும் தேர்ந்த மருத்துவர் வேண்டும்.

நினைவில் வையுங்கள்

• நாயைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
• கீரை, காய்களை நன்றாகக் கழுவுங்கள்.
• நாய்க்குப் பச்சை ஈரல், குடல் போடாதீர்கள்.
• வளர்ப்பு நாய்க்குப் புழு மருந்து கொடுங்கள்.

கேள்விகள்

1. நாய்க்குப் புழு எப்படி வருகிறது?
2. கட்டி உடைந்தால் என்ன ஆகும்?
3. உங்கள் ஊர்க் கறிக்கடைக் கழிவு எங்கே போகிறது?