மின்சாரக் களஞ்சியமும் கிராம நிலமும்

பெரிய மின்கல நிலையங்கள் பெரும்பாலும் நாட்டுப்புறங்களையே நாடி வருகின்றன. உயர் அழுத்த மின்பாதைகள் கூடும் துணை மின் நிலையமும், அதனருகே விசாலமான நிலமும் அங்கேதான் எளிதில் கிடைக்கும். அவ்வாறு நிலம் கேட்கப்படும்போது கேட்கவேண்டிய கேள்விகளை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். ஆஸ்திரேலியாவின் இரு நிலையங்களை நாம் பாடமாகக் கொள்வோம்.

தென் ஆஸ்திரேலிய மாநிலத்து ஜேம்ஸ்டவுன், கோதுமைப் பயிரும் ஆட்டு மந்தையும் நிறைந்த சிற்றூர். 2016 செப்டம்பர் 28 அன்று புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து, ஏறக்குறைய அம்மாநிலம் முழுவதுமே இருளில் மூழ்கிற்று. 2017 டிசம்பரில், அவ்வூருக்கருகே ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளை ஒட்டி ஒரு மின்கல நிலையம் இயங்கத் தொடங்கியது. (சாய்ந்த கோபுரத்தை மின்கலம் நிமிர்த்திவிடாது என்பதையும் சொல்லிவைக்கவேண்டும்.) அதன் தொடக்க அளவு 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது. ஒரு நெற்குதிரை எண்ணிப் பாருங்கள். குதிரின் வாய் எவ்வளவு அகலம் என்பது முதல் எண். உள்ளே எவ்வளவு நெல் என்பது இரண்டாவது. வாயை முழுதும் திறந்தால் இக்குதிர் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் காலியாகும். ஓர் இரவைக் கடத்த அது போதாது. பின் எதற்கு எனில், மின்சாரத்தின் அலைவு விநாடிக்கு 50 என்ற நிலையிலிருந்து தாழும்போது, கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை ஊட்டித் தாங்குவதற்கு. ஆகவே, "ஊருக்கு இரவெல்லாம் விளக்கெரியும்" என்று எவரேனும் உறுதி கூறினால், இரண்டாவது எண்ணைக் கேளுங்கள்.

விக்டோரியா மாநிலத்தில் ஜீலாங் நகருக்கருகே உள்ள மூரபூல் நிலையத்தின் பாடம் வேறு. 2021 ஜூலை 30 அன்று, சோதனைக் காலத்திலேயே ஒரு பெட்டி தீப்பற்றியது. குளிர்விக்கும் திரவம் கசிந்ததால் நேர்ந்த குறுக்குச்சுற்றே காரணம். சோதனை முடிந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பெட்டி அது. அதனால் அதன் கண்காணிப்பும் நின்றிருந்தது. காற்று, தீயை அடுத்த பெட்டிக்கும் கொண்டுசென்றது. 212 பெட்டிகளில் எரிந்தவை இரண்டே, உயிர்ச்சேதமும் இல்லை. எனினும் ஆகஸ்டு 2 வரை தீ அடங்கவில்லை. புகையைக் குறித்து அண்டை ஊரார் எச்சரிக்கப்பட்டனர். எனவே, முதல் பெட்டியில் மின்சாரம் ஏற்றப்படும் முன்பே அபாய அறிவிப்பும் தீயணைப்பு ஏற்பாடும் தயாராயிருக்கவேண்டும் என்ற ஷரத்து குத்தகைப் பத்திரத்தில் இடம்பெறவேண்டும் என்பது நமது கருத்து.

வேலைவாய்ப்பைப் பற்றி அதிகம் எதிர்பார்க்கவேண்டாம். கட்டி முடித்தபின் சிலரே போதும். மின்கலங்களோ நாளடைவில் கொள்ளளவு குறைந்துகொண்டே வருபவை. குத்தகை முடிவில் அவற்றையும் சிமெண்டு அடித்தளத்தையும் யார் செலவில் அகற்றுவது, நடுவில் நிறுவனம் கைமாறினால் அப்பொறுப்பு யாரைச் சேரும் என்பவை முன்னரே எழுதப்படவேண்டும். அச்செலவுக்கான ஜாமீன் தொகை, கையெழுத்திடும் நாளிலேயே வங்கியில் கட்டப்பட்டிருக்கவேண்டும்.