ஆரோக்கியப்பச்சை: பத்திரம் யார் பேரில்?

அம்பாசமுத்திரம் பக்கம் எனக்கு மூணு ஏக்கர். வரப்பில் நின்றால் அகத்தியமலைத் தொடர் தெரியும். வங்கி வேலையில் ஓய்வு பெற்ற மறுவருசம் நாற்று விற்கிறவர் ஒருவர் வந்தார். "ஆரோக்கியப்பச்சை சார், மலை மூலிகை. இலையை நாங்களே வாங்கிக்குவோம்" என்றார். நாற்பது நாற்று வாங்கி வாழையோரம் நட்டேன். சித்திரை வெயிலில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

தேன் விற்க வந்த கானிக்காரர் ஒருவர் காய்ந்த செடியைப் பார்த்தார். "இது பெரிய மரத்து நெழல்ல, ஈரத்துலதான் வரும் சார். காட்டுல இருந்து பிடுங்கியிருக்காங்க. யார்கிட்ட கேட்டு எடுத்தாங்க?" என்றார். பத்திரம் யார் பேரில் இருக்குன்னு பார்க்காமல் ஒரு கடன்கூட கொடுத்ததில்லை நான். இதில் அதைக் கேட்கவே இல்லை. அந்த வெட்கத்தில்தான் இந்தச் செடியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

காட்டில்

தாவரவியல் பெயர் ட்ரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ். மழைக்காட்டில் ஓடைக்கரை நிழலில், தரையோடு தரையாக வளரும் சிறு செடி. இலை இதய வடிவம். நம் மலையிலும் இலங்கையிலும் உண்டு. கானி மக்கள் இதன் பழத்தை மென்றுகொண்டே அதிகம் சாப்பிடாமல் நாள் முழுக்க மலை ஏறுவார்கள்.

1987-இல் தாவரவியல் அறிஞர் புஷ்பாங்கதன் குழுவினர் கேரளப் பக்கம் இந்த மலையில் ஏறினார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்கியது, வழிகாட்ட வந்த கானிகளுக்குக் களைப்பே இல்லை. என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்தார்கள். இது தங்கள் குலத்து ரகசியம் என்றார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் காட்டினார்கள்.

ஆய்வகத்தில்

எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்ததில் களைப்பு தாங்கும் திறன் கூடியது. ஈரலைக் காக்கும் குணமும் தெரிந்தது. பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் இதோடு அமுக்கரா, விஷ்ணுகிராந்தி, திப்பிலி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. பழத்துக்குப் பதில் இலையை எடுத்தார்கள். இலையைக் கிள்ளினால் செடி மறுபடி துளிர்க்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். எலியில் கண்டது அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மாதக்கணக்கில் சோர்வு இருந்தால் முதலில் ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு பரிசோதனை செய்யுங்கள்.

கணக்கில்

மருந்து தயாரிக்கும் உரிமையை 1990-களின் நடுவில் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு வருசத்துக்குக் கொடுத்தார்கள். உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. அதில் பாதி கானிகளுக்கு. அதற்காக 1997-இல் கானி மக்கள் பேரில் ஓர் அறக்கட்டளை பதிவானது. 1999-இல் சுமார் 5 லட்சம் அதன் கணக்கில் விழுந்தது. பாரம்பரிய அறிவுக்கு மக்களிடம் பங்கு போய்ச் சேர்ந்த உலகின் முதல் முயற்சிகளில் ஒன்று என்று இதைப் பாராட்டுகிறார்கள்.

பாராட்டலாம். ஆனால் வங்கிக்காரன் கண்ணில் சில ஓட்டைகள் படுகின்றன. முதல் ஒப்பந்தத்தில் கானிகள் கையெழுத்துப் போடும் தரப்பாக இல்லை. பங்கு வந்தது, பேரம் பேசும் இடம் வரவில்லை. காட்டில் இலை பறிக்க வனத்துறையின் தடை. தேவை கூடியதும் செடியை வேரோடு பிடுங்கினார்கள். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 'ஜீவனி' என்ற பெயரையே தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது. பெயரைக்கூட நாம் பூட்டி வைக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

1. காட்டு மூலிகை நாற்று வாங்கினால் எந்த நாற்றங்காலில், எந்தத் தாய்ச்செடியில் இருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

2. நிழலும் ஈரமும் தேடும் செடியை வெட்டவெளியில் வைக்காதீர்கள். நம் மண்ணுக்குத் தூதுவளை, நிலவேம்பு, ஆடாதொடை போதும்.

3. பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுவது அதன் வேலை. உங்கள் ஊரில் இருக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்கிற மூலிகையை அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பேரோடு எழுதுங்கள். ரகசியம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள்.

அந்தக் கானிக்காரர் இப்போதும் தேன் கொண்டுவருகிறார். நான் விலை பேசுவதில்லை.