ஆறாத புண்ணை அலட்சியம் செய்யலாமா?

நீரிழிவு உள்ள பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அவர் காலில் மாதக்கணக்காய் ஒரு புண் ஆறாமல் இருக்கலாம். "சர்க்கரைப் புண் அப்படித்தான்" என்று, தினம் துணியை மாற்றிக் கட்டுவதோடு நின்றுவிடுகிறீர்களா? அப்படியானால் இதைக் கவனமாய் வாசியுங்கள்.

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் கால் நரம்புகள் உணர்ச்சி இழக்கும். இரத்த ஓட்டமும் குறையும். ஆகவே முள் குத்தினாலும் தெரிவதில்லை. குத்திய இடம் எளிதில் ஆறுவதுமில்லை. இத்தகைய புண்களுக்குச் சீழ் பிடிப்பதும் சதை அழுகுவதுமே பெரிய ஆபத்து. புற்றுநோய் வருவது அபூர்வம். அபூர்வமானபடியால்தான் அதை ஒருவரும் நினைப்பதில்லை, காலம் வீணாகிறது.

1828-ம் ஆண்டில் மார்ஜொலின் என்ற பிரெஞ்சு ரண வைத்தியர், தழும்புகளில் மருப்போல் எழும்பும் புண்களைப் பற்றி எழுதினார். நாள்பட்ட புண்ணிலும் தழும்பிலும் உண்டாகும் புற்றுநோய்க்குப் பிற்காலத்தில் அவர் பெயரே வழங்கலாயிற்று. தீப்பட்ட தழும்புகளில் இது அதிகம். நீரிழிவுப் புண்ணிலும் கண்டதுண்டு. இதற்குப் பெரும்பாலும் பல வருஷங்கள் செல்லும். வேறொன்றும் உண்டு: உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோய், ஆரம்பத்திலேயே சர்க்கரைப் புண் என்று தவறாய் எண்ணப்படுவதுண்டு.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை:

1. சரியாக வைத்தியம் செய்தும் இரண்டு மூன்று மாதத்தில் ஆறும் குறி காணாமை.
2. ஓரம் தடித்து மேலெழும்புதல். காலிபிளவர்போல் சதை வளர்தல்.
3. தொட்டவுடன் இரத்தம் கசிதல், நாற்றம் அதிகரித்தல்.
4. புண்ணிலோ அருகிலோ கருநிறம் படர்தல்.
5. தொடை இடுக்கில் நெறி கட்டுதல்.

வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். உணர்ச்சியற்ற கால் வலியைச் சொல்லாது. நோயாளி தம் உள்ளங்காலைத் தாமே பார்ப்பதும் கடினம். ஆகையால் கட்டு மாற்றும் தாயோ மகளோ மருமகளோதான் அவருக்குக் கண்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வைத்தியரிடம், "பயாப்ஸி செய்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். புண்ணின் ஓரத்தில், சில சமயம் இரண்டு மூன்று இடங்களில், சிறு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஒரு முறை 'இல்லை' என்று வந்தும் புண் ஆறாவிட்டால் மறுபடியும் பார்ப்பது நல்லது. "கத்தி பட்டால் புற்று பரவும்" என்று அஞ்சிப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. நோய் பரவுவது தாமதத்தாலேயே. ஆரம்பத்தில் கண்டால் புண்ணையும் சுற்றியுள்ள சிறிது சதையையும் மாத்திரம் அகற்றிக் காலைக் காப்பாற்ற இயலும். முற்றிவிட்டாலோ காலையே எடுக்க நேரிடலாம், உயிருக்கும் ஆபத்து.

எனவே இன்று கட்டு மாற்றும்போது, நல்ல வெளிச்சத்தில் புண்ணின் ஓரத்தை ஒரு முறை நிதானமாய்ப் பாருங்கள். அது எத்தனை மாதமாய் இருக்கிறதென்று எண்ணிப் பாருங்கள். சந்தேகமிருந்தால் இந்த வாரத்திலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.