சம்பாதிக்கத் தொடங்கியவர்களுக்கு ஆயுள் காப்பீடு: முழுமையான வழிகாட்டி

வேலை கிடைத்த செய்தி பரவியதுமே, தெரிந்த ஏஜென்ட் ஒருவர் படிவத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார். முகதாட்சண்யத்துக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். இருபது, முப்பது ஆண்டுகள் பணம் கட்டப்போவது நீங்கள்தான்.

படி 1: தேவையா என்று பாருங்கள்

பெற்றோர் உங்கள் சம்பளத்தை நம்பியிருக்கிறார்களா? கல்விக் கடனில் அப்பாவும் கையெழுத்திட்டிருக்கிறாரா? அப்படியானால் காப்பீடு அவசியம். இரண்டும் இல்லையென்றால் அவசரமில்லை. மருத்துவக் காப்பீட்டை முதலில் எடுங்கள். அலுவலகம் தரும் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையை விட்டதும் முடிந்துவிடும்.

படி 2: டேர்ம் பாலிசியைக் கேளுங்கள்

எண்டோமென்ட், மணிபேக் பாலிசிகளில் காப்பீடும் சேமிப்பும் கலந்திருக்கும். அதனால் பிரீமியம் அதிகம், காப்பீட்டுத் தொகை குறைவு. டேர்ம் பாலிசியில் இறப்புக்கு மட்டுமே பணம் வரும். “கட்டினது திரும்பி வராதே” என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் சிறிய பிரீமியத்தில் குடும்பத்துக்குப் பெரிய தொகையை உறுதி செய்வது இதுதான். சேமிப்பைத் தனியே பி.பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

படி 3: தொகையைக் கணக்கிடுங்கள்

ஆண்டு வருமானத்தின் 15 மடங்கோடு கடனைக் கூட்டுங்கள். மாதம் 40,000 ரூபாய் சம்பளம், 6 லட்சம் கல்விக் கடன் என்றால் 78 லட்சம். பாலிசிக் காலம் 60 வயதுவரை போதும்.

படி 4: படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. சிகரெட், மது, சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை, பெற்றோரின் இதயநோய் என்று கேட்ட அனைத்துக்கும் உண்மையை எழுதுங்கள். “அதெல்லாம் போட வேண்டாம் தம்பி, பிரீமியம் ஏறிடும்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஏறட்டும். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 45ஆம் பிரிவுப்படி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்தபின் எந்தக் காரணத்துக்காகவும் அதை நிறுவனம் கேள்விக்குள்ளாக்க முடியாது. அதற்குள் மரணம் நேர்ந்து, மறைத்த நோய் தெரியவந்தால் க்ளெய்ம் மறுக்கப்படலாம். அந்த நேரத்தில் பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள்; துக்கத்தில் இருக்கும் அம்மாதான் மருத்துவமனைக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் அலைய வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போய் வாருங்கள்.

படி 5: பாலிசி பாண்டு (பத்திரம்) வந்ததும்

அதோடு வரும் படிவ நகலில் உங்கள் பதில்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பிடிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சில பிடித்தங்கள் போக மீதிப் பணம் வரும். ஆண்டு பிரீமியத்தைத் தவறவிட்டால் 30 நாள் அவகாசம் உண்டு; வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும்படி செய்துவிடுவது நல்லது.

கல்யாணமானால் நாமினி தானாக மாறாது. நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பாலிசி எண்ணையும் பாண்டு இருக்கும் இடத்தையும் நாமினியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.