கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு இரவுகள்: தங்குமிடம் தேர்வதற்கான வழிகாட்டி

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர் ஆகிய ஊர்களைத் தொட்டுச் சென்று, சிதம்பரத்துக்கு அருகே கொள்ளிடத்தைக் கடந்து, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணியை அடைகிறது. ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியை ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடலாம் என்றாலும், பெரும்பாலான குடும்பங்கள் வார இறுதியோடு ஒரு விடுமுறை நாளைச் சேர்த்து மூன்று பகல், இரண்டு இரவு என்னும் அளவிலேயே இப்பயணத்தை அமைத்துக்கொள்கின்றன. இத்தகைய குறும்பயணத்தில் பார்க்க வேண்டிய இடங்களைத் தேர்வது எளிது. அந்த இரண்டு இரவுகளையும் எந்த ஊரில், எவ்வகை விடுதியில் கழிப்பது என்பதே பயணத்தின் இயல்பைத் தீர்மானிக்கிறது.

பலரும் மொத்தத் தொலைவை நாள்களால் வகுத்து, மாலையில் வண்டி எந்த ஊரை எட்டுமோ அந்த ஊரில் அறை தேடுகின்றனர். இக்கணக்கில் ஒரு குறை உண்டு. சில ஊர்களின் சிறப்பு பகற்பொழுதிலேயே அடங்கிவிட, வேறு சில ஊர்கள் அந்தியிலும் விடியற்காலையிலும்தான் தம் இயல்பைக் காட்டுகின்றன. முதல் வகை ஊர்களைப் பகலில் பார்த்துக் கடந்துவிட்டு, இரண்டாம் வகை ஊர்களில் தங்குவதே இவ்வழிகாட்டி முன்வைக்கும் அளவுகோலாகும்.

வழியிலுள்ள ஊர்கள்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டரில் உள்ள மாமல்லபுரத்தின் பல்லவர் காலச் சின்னங்கள் 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. கடற்கரைக் கோயிலும் ஐந்து இரதங்களும் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருப்பதால், சென்னையிலிருந்து விடியுமுன் புறப்படுவோர் வெயில் ஏறுவதற்குள் அவற்றைப் பார்த்து முடிக்கலாம். அத்தகையோர் இங்கு இரவு தங்கத் தேவையில்லை. ஆனால், சிறு குழந்தைகளையோ முதியவர்களையோ உடன் அழைத்துச் செல்வோர் நீண்ட ஓட்டத்தைத் தவிர்த்து இரண்டு இரவுகளையும் இங்கேயே கழிப்பதில் தவறில்லை. கடற்கரையை ஒட்டிய ஒத்தவாடைத் தெருவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள சிறு விடுதிகள் நடைதூரத்தில் எல்லாவற்றையும் பார்க்க விரும்புவோருக்குப் பொருந்தும். ஊருக்கு வடக்கே சாலையோரமாக அமைந்த பெரிய சொகுசு விடுதிகளோ, வெளியே செல்லாமல் வளாகத்துக்குள்ளேயே ஓய்வெடுக்க விரும்புவோருக்கு உரியவை.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரி, இரவு தங்குவதற்கு இவ்வழியில் மிகத் தகுந்த ஊர். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் அனுமதிக்கப்படுவதில்லை என்பதால், அந்நேரத்தில் அது முழுவதும் நடப்போருக்கு உரியதாகிவிடுகிறது. பகலில் மட்டும் வந்துபோவோருக்கு இந்த வாய்ப்பு கிட்டுவதில்லை. நகரின் பழைய பகுதியைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. அதன் கிழக்கே உயர்ந்த மதில்களும் உள்முற்றங்களும் கொண்ட பிரெஞ்சுப் பகுதியும், மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் நிறைந்த தமிழ்ப் பகுதியும் அமைந்துள்ளன. இரு பகுதிகளிலும் பழைய வீடுகள் சில மரபு விடுதிகளாக, அதாவது பழைய கட்டடத்தின் அமைப்பைக் குலைக்காமல் புதுப்பிக்கப்பட்ட தங்குமிடங்களாக, இயங்கி வருகின்றன. பிரெஞ்சுப் பகுதியின் விடுதிகள் கடற்கரைக்கு அண்மையில் இருந்தாலும் வாடகை கூடுதலாகவும் வண்டி நிறுத்த இடம் குறைவாகவும் இருக்கும். தமிழ்ப் பகுதியில் தங்குவோர் பத்து நிமிட நடையை ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் குறைந்த செலவில் அதே தரத்தைப் பெறலாம். அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் தூய்மைக்கும் எளிமைக்கும் பெயர் பெற்றவை. எனினும், புகைபிடித்தலும் மது அருந்துதலும் அங்குத் தடைசெய்யப்பட்டுள்ளதோடு இரவில் வாயிற்கதவை மூடும் நேரமும் வரையறுக்கப்பட்டுள்ளதால், நேரம் கழித்துத் திரும்ப எண்ணுவோர் வேறிடம் பார்ப்பது நலம். 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் விருந்தினர் இல்லங்கள் மரச்செறிவின் நடுவே அமைந்தவை. அவற்றில் தங்குவோர் கடலையும் நகரையும் அடைய ஒவ்வொரு முறையும் வண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் உள்ள சிதம்பரமும் அதற்குக் கிழக்கே உள்ள பிச்சாவரமும் பகலில் பார்க்க வேண்டியவை. நடராசர் கோயிலில் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலையில்தான் மீண்டும் திறக்கப்படும் என்பதால், புதுச்சேரியிலிருந்து காலை 7 மணிக்குள் புறப்படுவது இன்றியமையாதது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கழிமுகத்தில் பரவியுள்ள பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில், அதாவது உவர்நீரில் வேர்விட்டு வளரும் அலையாத்திக் காட்டில், படகுப் பயணம் மாலைக்குள் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அங்குத் தங்குவோருக்குப் பார்ப்பதற்கு அதிகமில்லை. அதிகாலையில் பறவை பார்ப்பதற்கென்றே வருவோருக்கு மட்டும் பிச்சாவரத்திலோ சிதம்பரத்திலோ தங்குவது பயன் தரும்.

சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள தரங்கம்பாடி, இரண்டாவது இரவுக்கு உரிய ஊர். தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் 1620இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டையும், 1706இல் வந்திறங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்குவின் பணியோடு தொடர்புடைய தேவாலயமும், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோயிலும் கடலை ஒட்டிச் சிறு நடைக்குள் அடங்கிவிடுகின்றன. கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பகலில் பேருந்துகளில் வருவோர் மாலையில் திரும்பிச் சென்றபின் ஊர் அமைதியடைகிறது. காலையில் கடலிலிருந்து எழும் ஞாயிற்றைக் கோட்டை மதிலின் அருகே நின்று காணலாம். ஆங்கிலேயர் ஆட்சிக்கால மாளிகையொன்று உட்பட மிகச் சில விடுதிகளே இங்கு இருப்பதால், முன்பதிவு இல்லாமல் வருவது கூடாது. இடம் கிடைக்காதவர்களுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே உள்ள திருக்கடையூர் மாற்றாக உதவும். அறுபதாம், எண்பதாம் ஆண்டு நிறைவுத் திருமணங்கள் நடைபெறும் தலமாகையால் அங்கு விடுதிகள் ஏராளம் என்றாலும், முகூர்த்த நாள்களில் அவை உறவினர் கூட்டத்தால் நிரம்பிவிடும்.

நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் தங்குவது வழிபாட்டை முதன்மை நோக்கமாகக் கொண்டோருக்கு உரியது. வேளாங்கண்ணியில் பேராலய நிர்வாகமே விடுதிகளை நடத்துகிறது. எளிய அறைகளும் குடும்ப அறைகளும் அவற்றில் உண்டு.

கடலுக்கும் அறைக்கும் உள்ள தொலைவு

கடலோர விடுதி என்று விளம்பரப்படுத்தப்படும் இடங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது பயன் தரும். அறையிலிருந்தே கடலைக் காணக்கூடியவை முதல் வகை. சாலைக்குக் கிழக்கே அமைந்து, நடந்தே கரையை அடையக்கூடியவை இரண்டாம் வகை. சாலைக்கு மேற்கே அமைந்து, விரைந்தோடும் வண்டிகளுக்கு இடையே சாலையைக் கடந்தால்தான் கடலை அடைய முடிகிறவை மூன்றாம் வகை. குழந்தைகளுடன் செல்வோர் மூன்றாம் வகையைத் தவிர்ப்பது நல்லது. நடுவண் அரசு 1991இல் வெளியிட்டு, 2011இலும் 2019இலும் மாற்றியமைத்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது ஏற்றத்தின்போது கடல்நீர் நிலத்தில் எட்டும் எல்லையிலிருந்து, நிலப்பக்கமாக 500 மீட்டர் வரையிலான பகுதியில் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்துகிறது. கடலோர விடுதி என்ற பெயரில் உள்ள பல கட்டடங்கள் கரையிலிருந்து விலகி நிற்பதற்கு இவ்விதிகளும் ஒரு காரணம்.

விளம்பரப் படத்தில் தெரியும் மணற்பரப்பு இன்றும் அவ்வாறே இருக்கும் என்று கொள்ளவும் இயலாது. இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்கிறது. துறைமுகத் தடுப்புச்சுவரோ, மீனவர்கள் தூண்டில் வளைவு என்றழைக்கும், கடலுக்குள் நீளும் கற்சுவரோ அந்த ஓட்டத்தை மறிக்கும்போது தென்புறம் மணல் சேர்ந்து வடபுறம் கரை அரிக்கப்படுகிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் தடுப்புச்சுவர்கள் எழுந்தபின் அதற்கு வடக்கே உள்ள கரைப்பகுதிகள் மணலை இழந்ததும், கருங்கற்களைக் கொட்டி அவற்றைக் காக்க நேர்ந்ததும் இதனாலேயே ஆகும். எனவே, அறைக்கு முன்னால் இருப்பது மணலா கல்லா என்று விடுதியாரிடம் கேட்டறிவது அவசியம். மணல் இருப்பினும் குளிப்பதற்கு ஏற்ற கரை என்று ஆகிவிடாது. வங்கக் கடலின் அலையும் கரையிலிருந்து உள்ளிழுக்கும் நீரோட்டமும் நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துச் செல்லக்கூடியவை என்பதால், நீந்த விரும்பும் குடும்பங்கள் நீச்சல்குளம் உள்ள விடுதியைத் தேர்வதே பாதுகாப்பானது.

திசை, காற்று, பருவம்

இது கிழக்கு நோக்கிய கரை; கதிரவன் கடலில் எழுவதைக் காணலாம், கடலில் மறைவதைக் காண முடியாது. கடலை நோக்கிய அறையில் கதிரவன் எழுந்ததுமே வெயில் நுழையும். ஆனால் பிற்பகலில் அதன் மாடமும் முன்வெளியும் கட்டடத்தின் நிழலில் குளிர்ந்திருக்கும். மேற்கு நோக்கிய அறையோ பிற்பகல் வெப்பத்தைச் சுவரில் தேக்கி முன்னிரவிலும் புழுங்கும். பகலில் நிலம் சூடேறுவதால் கடலிலிருந்து வீசத் தொடங்கும் கடற்காற்று, மே, ஜூன் மாதங்களில் மேற்குக் காற்று வலுத்திருக்கும் நாள்களில் பிற்பகல் வரை தாமதமாகும். ஆகவே, கோடையில் செல்வோர் கடல் தெரியும் அறையைக் காட்டிலும் குளிர்சாதன வசதியும் மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் உள்ள அறைக்கே முன்னுரிமை தர வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் இப்பயணத்துக்கு மிக ஏற்றவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம்; 2011இல் தானே, 2018இல் கஜா, 2020இல் நிவர், 2022இல் மாண்டஸ், 2024இல் பெஞ்சல் ஆகிய புயல்கள் நவம்பர், டிசம்பர் மாதங்களில் இக்கடற்கரையைத்தான் கடந்தன. இப்பருவத்தில் முன்பதிவு செய்வோர் கட்டணம் திருப்பித் தரப்படும் திட்டத்தையே தேர்ந்து, புறப்படும் நாளில் வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பருவநிலையைப் போலவே திருவிழாக்களும் அறை கிடைப்பதைப் பாதிக்கின்றன. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணித் திருவிழாவின்போது, நடைப்பயணமாக வரும் பக்தர்களால் சாலையும் விடுதிகளும் நிறைந்திருக்கும். நாகூர் கந்தூரி விழா இசுலாமிய நாள்காட்டிப்படி அமைவதால் அதன் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனமும் மார்கழி ஆதிரைத் திருநாளும், மாமல்லபுரத்தில் இருளர் மக்கள் கடற்கரையில் கூடும் மாசி மகமும் கூட்டம் மிகும் நாள்கள். காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் சனிக்கிழமை வழிபாடு சிறப்புடையதாகையால், வெள்ளி இரவில் காரைக்காலில் அறை கிடைப்பது அரிது. புதுச்சேரியில் எல்லா வார இறுதிகளிலும் வாடகை உயர்வதால், அந்த இரவை வியாழனிலோ ஞாயிறிலோ அமைத்துக்கொள்வது செலவைக் குறைக்கும்.

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை

தனியார் விடுதிகளைத் தவிர, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் மாமல்லபுரம், சிதம்பரம் உள்ளிட்ட ஊர்களில் ஓட்டல் தமிழ்நாடு விடுதிகளை நடத்துகிறது. அகன்ற வளாகமும் வண்டி நிறுத்தும் இடமும் அவற்றின் நிறைகள். எந்த விடுதியாயினும் பதிவுக்கு முன் பின்வருவனவற்றைத் தொலைபேசியில் கேட்டறிதல் வேண்டும்.

வாடகை 24 மணி நேரக் கணக்கிலா, நண்பகல் 12 மணிக் கணக்கிலா என்பது முதற்கேள்வி. நண்பகல் கணக்குள்ள விடுதிக்கு இரவு 9 மணிக்குச் செல்வோர் கொடுக்கும் வாடகையில் ஒன்பது மணி நேரம் வீணாகும். சொல்லப்படும் வாடகையில் வரி சேர்ந்துள்ளதா என்பது அடுத்தது. ஜி.எஸ்.டி. எனப்படும் சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 விழுக்காடாகவும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 விழுக்காடாகவும் உள்ளது. வாடகை வண்டியில் செல்வோர் ஓட்டுநர் உறங்குவதற்கும் குளிப்பதற்கும் இடம் உண்டா என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே இரவைக் கழிக்க நேர்ந்தால், மறுநாள் பயணத்தின் பாதுகாப்பே கேள்விக்குறியாகும். கடலோர நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால் குளியலறைக் குழாயில் வருவது நன்னீரா, உப்பு நீரா என்பதையும், கழிமுகங்களுக்கு அருகே உள்ள அறைகளில் கொசுவலை உண்டா என்பதையும் கேட்கலாம். தங்குவோரில் பெரியவர்கள் அனைவரின் அடையாள அட்டைகளையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

பரிந்துரை

முதல் நாள் மாமல்லபுரத்தைப் பார்த்துப் புதுச்சேரியில் தங்கி, இரண்டாம் நாள் சிதம்பரமும் பிச்சாவரமும் கண்டு தரங்கம்பாடியில் தங்கி, மூன்றாம் நாள் காலை நேரே திரும்புவதே பெரும்பாலோருக்குப் பொருந்தும் திட்டம். தரங்கம்பாடியிலிருந்து சென்னை ஏறத்தாழ 270 கிலோமீட்டர் என்பதால், அன்று ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டத்துக்கென ஒதுக்க வேண்டும். நாகூரையும் வேளாங்கண்ணியையும் சேர்க்க விரும்புவோர் மூன்றாவது இரவு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமேயன்றி, இரண்டு இரவுகளுக்குள் அவற்றைத் திணிக்கக் கூடாது. எத்திட்டமாயினும், தரங்கம்பாடியில் அறைகள் குறைவாதலால் அங்கு அறையை உறுதிசெய்த பிறகே புதுச்சேரியில் பதிவு செய்க.