முதுமையில் விழுதல்: எக்ஸ்ரேயில் தெரியாத பாதிப்பு

65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கீழே விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 70ஐத் தாண்டினால் இந்த விகிதம் இன்னும் கூடுகிறது. பெரும்பாலும் எலும்பு முறிவதில்லை. ஒரு சிராய்ப்பு, கொஞ்சம் வீக்கம், இரண்டு நாள் தைலம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "நல்ல வேளை, ஒன்றுமில்லை" என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். விழுந்தவரின் வாழ்க்கை குறுகத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

முதலில் வருவது பயம். விழுந்தபின் சில முதியவர்கள், நடக்க வலு இருந்தும், சுவரையும் நாற்காலியையும் பற்றிக்கொண்டே நகர்வதைப் பிரிட்டனின் முதியோர் மருத்துவர் பெர்னார்ட் ஐசக்ஸும் அவருடைய சகாவும் 1982இல் தனி நோய்க்குறியாகவே பதிவு செய்தார்கள். 1990இல் அமெரிக்காவின் மேரி டினெட்டி இந்தப் பயத்தை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். குளிப்பது, உடை மாற்றுவது, அலமாரியில் பொருள் எடுப்பது போன்ற வேலைகளை விழாமல் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு இருக்கிறது என்பதே அதன் கேள்வி.

அந்த நம்பிக்கை போனால் கூடவே பலவும் போகின்றன. கோயில் படி வேண்டாம், கல்யாண வீட்டுக் கூட்டம் வேண்டாம், தெருமுனைக் கடை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழிகிறது. இரவில் எழுந்து பாத்ரூம் போக அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள் உண்டு. அதனால் உடலில் நீர் வற்றி, எழும்போது தலை சுற்றி, மறுபடி விழும் வாய்ப்பு கூடுகிறது. நடக்காத கால்களில் தசை கரைகிறது. எதற்குப் பயந்தாரோ அதையே அந்தப் பயம் அருகில் கொண்டுவருகிறது.

வீட்டாரின் பாசமும் இதில் சேர்ந்துகொள்கிறது. "நீங்க எழுந்திரிக்காதீங்க, நாங்க பாத்துக்குறோம்" என்ற சொல்லில் அன்புதான் இருக்கிறது. ஆனால் காய் நறுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பேரப்பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது எல்லாம் ஒரே வாரத்தில் கைவிட்டுப் போனால், அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு வேலையும் மிஞ்சுவதில்லை. சுதந்திரம் போவதை முதியவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு சாட்சி. 2000இல் வெளியான அந்த ஆய்வில், இடுப்பெலும்பு மோசமாக முறிந்து பராமரிப்பு இல்லத்தில் முடங்குவதைவிடச் சாவதே மேல் என்று 80 சதவீதம் பேர் கருதியது தெரியவந்தது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய எண் இது.

விழுந்ததைப் பலர் மறைப்பதும் இதனால்தான். "பாத்து வரக்கூடாதா?" என்று கடிந்துகொள்ளும் வீட்டில், அடுத்த முறை விழுந்தால் அது வெளியே வராது. மறைத்தால் காரணமும் மறைந்துபோகும். திட்டாமல் கேட்க வேண்டிய கேள்விகள் சில: எந்த நேரத்தில், எங்கே, என்ன செய்யும்போது விழுந்தார்? கால் தடுக்கியதா, கண் இருட்டியதா, முழங்கால் மடங்கியதா? தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை நோயால் மரத்த பாதம், கண்புரை என்று பதில் பல திசைகளில் போகலாம். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், விழுந்ததற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுவது நல்லது.

இடுப்பெலும்பு முறிந்தால் நிலைமை வேறு. "இந்த வயசுல ஆபரேஷனா?" என்ற தயக்கத்தில் நாட்டுக் கட்டோடு வாரக்கணக்கில் படுக்க வைத்தால், படுக்கைப் புண்ணும் நுரையீரல் சளியும்தான் முந்திக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் அறுவை சிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி நிற்க வைப்பதே மருத்துவ உலகம் ஏற்ற வழி. வயதை மட்டும் காரணம் காட்டி அதைத் தவிர்க்க வேண்டியதில்லை.

வீட்டில் முதலில் கவனிக்க வேண்டிய இடம் குளியலறை. துண்டு போடும் கம்பியும் குழாயும் ஆளின் எடையைத் தாங்காது. சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடி வேண்டும். கதவு உள்நோக்கித் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை மறித்துவிடும். வெளிநோக்கித் திறக்குமாறு மாற்றுவதும், உள்தாழ்ப்பாள் போடாத பழக்கமும் நல்லவை. எண்ணெய்க் குளியலை ஸ்டூலில் உட்கார்ந்தபடி முடிக்கலாம். தேய்ந்த ரப்பர் செருப்பு, நகரும் கால்மிதி, பாசி பிடித்த துணி துவைக்கும் கல், இரவில் விளக்கில்லாத நடை ஆகியவையும் கண்ணில் பட வேண்டும்.

ஆனால் வீட்டைச் சரிசெய்வதோடு நின்றால் போதாது, காலுக்கு வலுவும் வேண்டும். நியூசிலாந்தின் ஒட்டாகோவில் உருவான வீட்டுப் பயிற்சி முறை விழுதல்களைச் சுமார் 35 சதவீதம் குறைத்தது. கால் தசைக்கும் உடல் சமநிலைக்குமான எளிய பயிற்சிகளும் நடையுமே அதில் உள்ளவை: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது போன்றவை. எதிலிருந்து தொடங்குவது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்வார். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்.

பலர் சொல்லித் தராத ஒன்று, விழுந்தபின் எழும் முறை. எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடப்பது, காயமே இல்லாவிட்டாலும் உடலைக் கடுமையாகப் பாதிக்கும். எழ உதவ வருபவர் அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ அசைக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், தெளிவாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் சற்று மூச்சு வாங்கிவிட்டு, ஒருக்களித்துப் புரண்டு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, அருகிலுள்ள கனமான நாற்காலிவரை தவழ்ந்து, அதன் இருக்கையில் கையூன்றி, வலுவுள்ள காலை முன்னால் வைத்து எழலாம். முழங்கால் இடங்கொடுத்தால், திடமாக இருக்கும் ஒரு நாளில் பிசியோதெரபிஸ்ட்டை அருகில் வைத்துக்கொண்டு, ஜமக்காளம் விரித்து இதைப் பழகிக்கொள்வது நல்லது. விழுந்தாலும் எழ முடியும் என்று தெரிந்தவர் மறுபடி வாசல் தாண்டத் துணிகிறார்.