இரட்டையருக்குப் பெயர்: இணையட்டும், குழம்ப வேண்டாம்

இரட்டையர் பெயர்ப் பொருத்தத்திற்குத் தக்க சான்று, 1887இல் கர்நூலில் பிறந்த ஆற்காடு இராமசாமி முதலியார், இலட்சுமணசாமி முதலியார் இணையாகும். உடன்பிறப்பு உறவு பெயரிலேயே விளங்கினாலும், ஏ.ஆர்., ஏ.எல். என்று முதலெழுத்துகள் வேறுபட்டதால், ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரையும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரையும் பிரித்தறிவது எளிதாயிற்று.

பெயர்களை ஒலியாலும் இணைக்கலாம்: முதலெழுத்து ஒன்றுவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை எனப்படும். பாரி மகளிராகச் சொல்லப்படும் அங்கவை, சங்கவை பெயர்களில் எதுகையோடு எஞ்சிய எழுத்துகளும் ஒன்றுவதால், செவிக்கு இனிமை உண்டெனினும், ஓரெழுத்துப் பிழையே ஒருவரை மற்றவராக்கிவிடும். தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் இருவருக்கும் ஒன்றே என்பதால், குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் வேறுபாட்டைப் பெயர் மட்டுமே பெரிதும் சுமக்கிறது. ஆகவே மோனையும் எதுகையும் சேர்ந்தே அமையும் பெயர்களைத் தவிர்ப்பது நன்று.

நட்சத்திர எழுத்துப் பார்ப்போருக்கு இரட்டையர் பெரும்பாலும் ஒரே பாதத்தில், அதாவது நட்சத்திரத்தின் காற்பகுதியில், பிறப்பது இடர்ப்பாடாகத் தோன்றலாம். அதே நட்சத்திரத்தின் வேறொரு பாத எழுத்தை ஒருவருக்குக் கொள்வது இதற்கு வழியாகும். ரோகிணிக்குரிய ஓ, வ, வி, வு ஆகியவற்றுள், வளவனூர்க் குடும்பமொன்று மகனுக்குச் சோழரைக் குறிக்கும் ‘வளவன்’ என்றும் மகளுக்கு ‘ஓவியா’ என்றும் சூட்டினால், இரண்டும் தமிழாய் இணைந்தும் ஒலியால் விலகியும் நிற்கும்.

வாசலிலிருந்து இரு பெயர்களையும் உரக்க அழைத்துப் பார்ப்பதும், வீட்டுச் செல்லப்பெயர்கள் ஒன்றாகச் சுருங்குகின்றனவா என நோக்குவதும் தேவை. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிந்துவிட்டால், பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்பதால் அவசரம் வேண்டியதில்லை.